பிரியாவைத் தேடி இலஞ்சிக்கும் குற்றாலத்துக்கும்

பிள்ளைகளே, போன சனிக்கிழமை காலை ஏழே காலுக்குச் சுரண்டை பஸ் நிலையத்தில் தென்காசி பஸ் ஏறினோம், நானும் என் மகள் கிருபாவும். ஞாயிறு ஓய்வுநாள் பள்ளியில் உங்களோடு முதல் வரிசையில் உட்காருகிற அதே கிருபாதான். குற்றால சீசன் நேரம் அல்லவா, பார்த்தவர்கள் எல்லாரும் "குளிக்கவா?" என்றுதான் கேட்டார்கள். ஆமாம் என்று தலையாட்டிவிட்டுப் போகலாம் என்று நான் நினைத்தேன். கிருபா விடவில்லை. "இல்ல. பிரியாவப் பாக்க" என்று ஒவ்வொருவருக்கும் பதில் சொன்னாள்.

பிரியா யார் என்று உங்களில் சிலருக்குத் தெரியும். முழுப் பெயர் சண்முகப்பிரியா. எங்கள் தெருவில் மூன்றாவது வீட்டில் இருந்தார்கள். ஆறாம் வகுப்பு வரை இரண்டு பேரும் ஒரே பெஞ்சு. போன கந்த சஷ்டிக்குப் பிரியா தன் அம்மா ஊரான இலஞ்சிக்குப் போய்விட்டு, முருகன் கோயில் சர்க்கரைப் பொங்கலை வாழையிலையில் மடித்து கிருபாவுக்குக் கொண்டுவந்தாள். சாமிக்குப் படைத்ததை நம் வீட்டில் சாப்பிடுவதில்லை. கிருபா அதைச் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் போய்க் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டாள். பிரியா அதைப் பார்த்துவிட்டாள். அன்றிலிருந்து பேச்சு இல்லை. கோடை லீவில் பிரியா வீட்டார் இலஞ்சிக்கே குடிபோய்விட்டார்கள்.

இதெல்லாம் எனக்கு இந்த மாதம்தான் தெரிந்தது. குடும்ப ஜெபத்தில் கிருபாவின் முறை வந்தால், "தொண்டை சரியில்ல" என்று தள்ளிக்கொண்டே இருந்தாள். ஒருநாள் அவள் அம்மா, "எத்தன நாளைக்குட்டி தொண்ட கட்டும்?" என்று பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் அழுதுகொண்டே சொன்னாள். "ஜெபம் பண்ணா வாய் வரல. பிரியாகிட்ட பேசாம ஆண்டவர்கிட்ட மட்டும் எப்படிப் பேச?"

போன் போட்டுத் தருகிறேன் என்றேன். அதற்கு அவள் சம்மதிக்கவில்லை. "வாங்கும்போது மூஞ்சப் பாத்து சிரிச்சேன்ல. மன்னிப்பும் மூஞ்சப் பாத்துத்தான் கேக்கணும்" என்றாள். பத்தாம் வகுப்போடு நின்று, மிக்சி கிரைண்டர் ரிப்பேர் பார்த்துப் பிழைக்கிறவன் நான். பிரசங்கம் செய்ய எனக்குத் தெரியாது. ஆனால் பீடத்தில் காணிக்கை வைக்கப் போகிறவன் முதலில் சகோதரனிடம் போய்ச் சமாதானம் ஆகவேண்டும் என்று ஆண்டவர் சொன்னதை, எத்தனையோ பேர் விளக்கிக் கேட்டிருக்கிறேன். பஸ் ஏறிப் போய்ச் செய்கிற ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன். அந்த ஆள் என் வீட்டிலேயே இருந்தது எனக்குப் பெருமையாக இருந்தது. மறுநாள் சனிக்கிழமை. கடைக்கு ஒருநாள் பூட்டு என்று முடிவு செய்துவிட்டேன்.

சுரண்டையிலிருந்து தென்காசி சுமார் பதினெட்டு கிலோமீட்டர். எனக்கு டிக்கெட் இருபது ரூபாய். ஊரைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் காற்றாலைகள். அன்றைக்குக் காற்று பலமாக அடித்ததால் எல்லாம் ஒரே மூச்சாகச் சுற்றின. எங்கள் பக்கத்தில் பூக்கூடையோடு ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். கிருபா ஜன்னலைப் பார்த்தபடியே வந்ததைக் கவனித்துவிட்டு, "ஏட்டி, யாரப் பாக்கப் போற? பரீட்சைக்குப் போறவ மாதிரில்லா இருக்க" என்றார்.

"என் ஃப்ரெண்டப் பாக்க. அவ எங்கூடப் பேச மாட்டா" என்றாள் கிருபா.

"பேச மாட்டான்னா எதுக்குட்டி போற?"

"நான் பேசணும்லா."

அந்த அம்மா என்னைப் பார்த்தார். "அண்ணாச்சி, ஒம்ம மவ வக்கீலுக்குப் படிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, கூடையிலிருந்து ஒரு துண்டு பிச்சிப்பூ கிள்ளிக் கொடுத்தார். பாவூர்ச்சத்திரம் போகவேண்டிய ஒரு ஆள் தப்பான பஸ்ஸில் ஏறிவிட்டு நடத்துநரோடு சண்டை போட்டது தவிர, வழியில் வேறு விசேஷம் இல்லை.

எட்டே காலுக்குத் தென்காசி. இறங்கியதுமே சாரல் முகத்தில் அடித்தது. சுரண்டையில் வெயில் காய்ந்துகொண்டிருக்க, இங்கே மேற்கே மலை முழுக்க மேகத்துக்குள் இருந்தது. கோயில் கோபுரத்தின் மேல்பாதி மட்டும் ஈரத்தில் கறுத்துத் தெரிந்தது. நிலையத்தில் ஆளுக்கு இரண்டு இட்லி வாங்கினோம். கிருபா ஒன்றோடு நிறுத்திவிட்டாள். குற்றாலம் போகிற டவுன் பஸ்ஸில் ஏறினோம். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம், அதனால் டிக்கெட் எனக்கு மட்டும்தான். சுமார் நாலு கிலோமீட்டரில் இலஞ்சி.

இலஞ்சியைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். தென்னந்தோப்பு, நடவு முடிந்த வயல், நடுவே நல்ல தார் ரோடு. வயலில் தண்ணீர் நின்றதில் மலை தலைகீழாகத் தெரிந்தது. விசாரித்துக்கொண்டே பிரியாவின் வீட்டுக்கு வந்தால் கதவில் பூட்டுத் தொங்கியது. பக்கத்து வீட்டில் குக்கர் தேய்த்துக்கொண்டிருந்த பெண், "அவுக அங்கன குத்தாலத்துல பழக்கடை போட்டிருக்காவள்லா. சீசன் முடியுத மட்டும் பகல்ல இங்கன ஆளு இருக்காது" என்றாள்.

கிருபாவுக்கு மனம் மாறியிருக்குமோ என்று பார்த்தேன். பூட்டிய வீடு நல்ல சாக்கு. வந்தோம், ஆள் இல்லை என்று திரும்பியிருந்தால் ஒருவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவள் பாவாடையில் தெறித்த சேற்றைத் தட்டிவிட்டு, "அப்பா, அடுத்த பஸ் வருதான்னு பாருங்க" என்றாள். பஸ் வரவில்லை. ஷேர் ஆட்டோ வந்தது. ஆளுக்குப் பதினைந்து ரூபாய்.

குற்றாலத்தில் சனிக்கிழமைக் கூட்டத்தைச் சொல்லி முடியாது. நேந்திரங்காய் சிப்ஸ் பொரிகிற வாசனை, தலையில் எண்ணெய் வழிய நடக்கிற ஆட்கள், ஈரத்துண்டு, தண்ணீர் விழுகிற இரைச்சல். பேரருவிக்குப் போகிற வழியில் வரிசையாகப் பழக்கடைகள். ரம்புட்டான், மங்குஸ்தான், சீத்தாப்பழம். ஐந்தாவது கடையோ ஆறாவது கடையோ, பிரியா ரம்புட்டானைக் குவித்து அடுக்கிக்கொண்டு நின்றாள். எங்களைப் பார்த்தாள். அடுக்குவதை நிறுத்தவில்லை.

அவள் அம்மாதான் முதலில் சத்தம் கொடுத்தார். "வாங்க அண்ணாச்சி. ஏட்டி கிருபா, இம்புட்டு வளந்துட்டியே. வீட்ல மதினி வரலியா? ஒக்காருங்க, இந்தப் பெட்டில ஒக்காருங்க." அவர் கணவர் பழம் எடுக்கச் செங்கோட்டைக்குப் போயிருந்தார்.

கிருபா உட்காரவில்லை. பிரியாவுக்கு நேராகப் போய் நின்றாள். "பிரியா, நீ குடுத்த பொங்கல நான் குப்பைல போட்டது தப்பு. மன்னிச்சிரு" என்றாள். எல்லாச் சொல்லும் தெளிவாக வந்தது.

பிரியா கையிலிருந்த பழத்தை அடுக்கி முடித்தாள். பிறகு குனிந்து, கல்லாப் பெட்டிக்குக் கீழே இருந்த தூக்குவாளியை எடுத்துத் திறந்தாள். "இன்னைக்கும் கோயில்ல குடுத்தாவ. சர்க்கரைப் பொங்கல்தான். இப்ப சாப்பிடுதியா?"

பிள்ளைகளே, எனக்குப் பெட்டியில் உட்கார முடியவில்லை. ஒரு வாய் சாப்பிட்டுவிட்டால் சிநேகிதி கிடைத்துவிடுவாள், வேண்டாம் என்றால் வந்த பயணமே வீண். "வயிறு சரியில்லை" என்று நான் குறுக்கே விழுந்து சொல்லிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. நல்ல வேளை, வாயைத் திறக்கவில்லை.

கிருபா சொன்னாள்: "சாப்பிட மாட்டேன் பிரியா. எங்க வீட்டுல சாப்பிடதில்ல. அன்னைக்கே இத உங்கிட்ட சொல்லியிருக்கணும். சொன்னா நீ கோவப்படுவேன்னு பயந்து, சிரிச்சுக்கிட்டே வாங்கி, ஒளிச்சுப் போட்டேன். அதுக்குத்தான் மன்னிப்பு."

"ஒங்க வீட்டு கிறிஸ்துமஸ் கேக்கையும் ஜெபம் பண்ணித்தான குடுத்தீய?" பிரியா விடவில்லை. "நான் தின்னேன்ல? எங்கம்மா டப்பால வச்சு ரெண்டு நாளு தின்னோம்."

"ஆமா, தின்ன. அத நெனச்சாத்தான் எனக்கு இன்னும் கஷ்டமா இருக்கு."

  பிரியா தூக்குவாளியை மூடி அம்மாவிடம் நீட்டினாள். அவள் அம்மா அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, எதுவும் நடக்காதது போல வழியில் போன ஒருவரிடம், "ரம்புட்டான் கிலோ எரநூறு, எடுத்துக்கோங்க" என்று கூவினார்.

மதுரைப் பக்கத்து ஆட்கள் ஒரு கூட்டமாக வந்தார்கள். பிரியா தராசில் பழம் அள்ளினாள். பையின் வாயைப் பிடிக்க ஆள் இல்லை. கிருபா ஒன்றும் கேட்காமல் கடைக்குள் போய், ஒரு பேப்பர் பையை எடுத்து விரித்துப் பிடித்தாள். பிரியா கொட்டினாள். அடுத்தவருக்கும் அப்படியே. மூன்றாவது ஆளுக்கும் அப்படியே.  நாலாவது பையில் இரண்டு பழம் வெளியே உருண்டது.

"வாய ஒழுங்காப் பிடிட்டி. எல்லாம் கீழ விழுதுல்லா" என்றாள் பிரியா.

அந்த 'ட்டி'யைக் கேட்டதும் நான் பெட்டியில் சாய்ந்து உட்கார்ந்தேன். மனஸ்தாபம் இருக்கிறவர்கள் எங்கள் பக்கத்தில் அப்படிக் கூப்பிட மாட்டார்கள்.

கூட்டம் போனதும் பிரியா ஒரு ரம்புட்டானை உரித்து நீட்டினாள். "இத எந்தச் சாமிக்கும் காட்டல. செங்கோட்டைல இருந்து நேரா லாரில வந்தது. லாரிக்கு முன்னால எலுமிச்சம்பழம் கட்டியிருந்துது. அது பரவால்லயா, இல்ல ஒங்கப்பாகிட்ட கேக்கணுமா?"

கிருபாவுக்குச் சிரிப்பில் புரை ஏறிவிட்டது. பிரியாதான் தலையில் தட்டினாள், கொஞ்சம் வேகமாகவே.

"ரெண்டு பேரையும் அருவிக்குக் கூட்டிட்டுப் போயிட்டு வாரேன் அண்ணாச்சி. பொம்பளைங்க பக்கம் நீங்க வர முடியாது. கடையப் பாத்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு பிரியாவின் அம்மா கிளம்பிவிட்டார். ஒரு மணி நேரம் நான் பழக்காரன். மங்குஸ்தானை ரம்புட்டான் விலைக்குக் கொடுத்தேன் என்று பிறகுதான் தெரிந்தது. "நீங்க மிக்சியே பாருங்க அண்ணாச்சி" என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

கிருபா நனைந்த கோழியாக வந்தாள். பல் தந்தியடித்தது, வாய் மட்டும் ஓயவில்லை. "மொதல்ல ஓரத்துலயே நின்னேன்பா. அங்கன நின்னா தண்ணி சுள்ளு சுள்ளுன்னு அடிக்குது, மூச்சு முட்டுது. வெளிய வந்துரலாம்னு பாத்தேன். இவதான் கையப் புடிச்சு உள்ள இழுத்துட்டுப் போனா. பாறையை ஒட்டி நின்னா ஒண்ணுமே தெரியல. தண்ணி நமக்கு முன்னாடி விழுது. நல்லா மூச்சு விடலாம்."

ஆண்டவரிடத்திலும் அப்படித்தான் என்று எனக்குத் தோன்றியது. பாதிப் பேர் ஓரத்தில் நின்றுகொண்டு அடி தாங்கவில்லை என்று திரும்பிவிடுகிறோம். இன்னும் இரண்டு எட்டு வைத்தால் கன்மலையாகிய அவரை ஒட்டி நிற்கலாம். அந்த இரண்டு எட்டு வைக்க நமக்கு இன்னொருவர் கை வேண்டியிருக்கிறது. யாருடைய கையை நாம் தட்டிவிட்டோமோ, அந்தக் கையாகவே அது இருக்கலாம்.

இரண்டு மணிக்குக் கிளம்பினோம். பிரியா பஸ் வரை வந்தாள். ஒரு பை நிறைய ரம்புட்டானை ஜன்னல் வழியாக கிருபாவின் மடியில் வைத்து, "ஒங்க சர்ச்சுப் பிள்ளைகளுக்குக் குடு. நீயே எல்லாத்தையும் தின்னுராத" என்றாள். மன்னித்தேன் என்ற வார்த்தையை அவள் கடைசி வரை சொல்லவில்லை. கிருபாவும் கேட்கவில்லை.

சுரண்டையில் இறங்கும்போது தரை காய்ந்து தூசி பறந்தது. முப்பது கிலோமீட்டர்கூட இல்லை, அங்கே மழை, இங்கே வெயில். எங்கள் இரண்டு பேர் துணியில் மட்டும் சாரல் ஈரம் இருந்தது.

அன்று சாயங்காலம் குடும்ப ஜெபத்தில் முறை வருவதற்கு முன்பே கிருபா தொடங்கிவிட்டாள். பிரியாவுக்காக, அவள் அம்மாவுக்காக, பழக்கடைக்காக, பஸ்ஸில் வந்த பூக்கார அம்மாவுக்காக, நான் மங்குஸ்தானில் விட்ட நஷ்டத்துக்காக. அவள் அம்மா அடுப்பில் ரசம் வைத்துவிட்டு வந்திருந்தாள். ரசம் பொங்கி வழிகிற சத்தம் கேட்டது. எழுந்து போவாள் என்று நினைத்தேன். அவள் அசையவில்லை. நானும் அசையவில்லை.

மறுநாள் ஆராதனை முடிந்து உங்கள் ஒவ்வொருவர் கையிலும் கிருபா இரண்டு ரம்புட்டான் வைத்தாளே, ஞாபகம் இருக்கிறதா? தோல் உரிக்கிற அவசரத்தில் யார் தந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. இலஞ்சி பிரியா தந்தது.