தண்ணி மாத்திட்டேன்

வாய் அகன்ற அந்த அலுமினியச் சட்டி குரங்கணி ஊருக்கு மேலே, மலை ஏலத்தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த தொழிலாளர் லயத்து வீட்டுக்குப் பின்னால் கிடக்கும். வாத்துகள் ஏறிக் கவிழ்த்துவிடாமலிருக்க, நடுவில் ஓர் உருண்டைக் கல் போட்டிருந்தேன். கோழியைப் போல இரண்டு சொட்டு குடித்துவிட்டுப் போகிற பிறவி இல்லை வாத்து. மூக்குத்துளை முங்குகிற அளவுக்கு அலகை விட்டு அலச வேண்டும் அதற்கு. கொஞ்ச நேரத்தில் தண்ணீரைச் சேறாக்கியும் விடும். காலையிலும் மாலையிலும் கொட்டிக் கழுவிப் புதிதாக ஊற்றுவேன். மேலே பாறையிடுக்கில் இருந்த ஊற்றிலிருந்து எங்கள் லயத்துக்கு ஓஸ் குழாய் வழியாக வருகிற தண்ணீர் அது. கீழே ஓடையில் ஆண்டு முழுவதும் நீர் ஓடியது என்றாலும் வாத்துகளை அங்கே விட்டதே இல்லை. ஏலச்செடிக்கு மருந்தடிக்கிற நாளில் தெளிப்பதெல்லாம் வழிந்து ஓடையில்தான் சேரும். மருந்து டிரம்மைக் கழுவுவதும் அங்கேதான்.

நாலு வாத்துகளையும் குஞ்சாக, அட்டைப்பெட்டியில் வைத்துத் தன் ஊரான சிலமலையிலிருந்து கொண்டுவந்து கொடுத்தவர் என் அம்மா. எனக்குப் பிள்ளையில்லை. அதைப் பற்றி அம்மா என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "வளத்துப் பாரு, பொழுது போகும்" என்றார். அவ்வளவுதான். என் அம்மா அதிகம் பேசமாட்டார். பாராட்டவும் மாட்டார்.

பக்கத்து வீட்டில் மதினி இருந்தார். உறவுமுறை இல்லை, பழக்கத்தில் வந்த மதினி. நான் தோட்டத்துக்கு வாழ வந்த புதிதில் அட்டை கடித்த காலுக்குச் சுண்ணாம்பு வைத்துவிட்டவர். எனக்குக் கரு கலைந்த இரண்டு முறையும் கூடவே இருந்து கஞ்சி வைத்துக் கொடுத்தவர். என் வீட்டுச் சாவி ஒன்று அவரிடம் எப்போதும் இருக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் அம்மா வரப்பில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். மதுரை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். என் கணவரும் தான் ஓட்டும் ஜீப்பை வேறு ஆளிடம் விட்டுவிட்டு என்னோடு வந்தார். கிளம்புமுன் மதினியைச் சட்டிக்கு அருகே கூட்டிப்போய்க் காட்டினேன். ஓஸ் தண்ணீர் மட்டும்தான், ஓடைப் பக்கம் விடவே கூடாது என்று ஒன்றுக்கு இரண்டு தடவை சொன்னேன்.

"வாத்துக்குத் தண்ணி வைக்கிறது ஒரு சோலியா? நீ வெரசாக் கெளம்பு. ஆத்தாளப் பாரு" என்றார் மதினி.

எங்கள் லயத்தில் சிக்னல் கிடையாது. சற்று மேலே ஒரு பாறையில் ஏறி நின்றால்தான் போன் பேச முடியும். சாயங்காலம் தவறாமல் மதினி அந்தப் பாறையில் ஏறி எனக்குப் போன் செய்தார். "தண்ணி மாத்திட்டேன், நல்லா இருக்குதுக" என்பார். பகலெல்லாம் ஏலக்காய் எடுத்து ஓய்ந்த உடம்போடு நாலு வாத்துக்காக மேடேறி நிற்கிற மனசு யாருக்கு வரும் என்று என் கணவரிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தேன். ஒருநாள், "கருங்கழுத்துக்காரி முட்ட வச்சிருக்கா. தொட்டேன், கதகதன்னு இருந்துச்சு" என்றார். அம்மாவிடம் சொன்னேன். வலியில் முகத்தைத் திருப்பியே கிடந்தவர் என்னைப் பார்த்து, "மொத முட்டைய எடுக்காத, விட்டுரு" என்றார். அறுவைசிகிச்சைக்குப் பிறகு அவர் பேசிய முதல் பேச்சு அதுதான்.

அம்மாவைச் சிலமலையில் விட்டுவிட்டுத் தோட்டத்துக்குத் திரும்பினோம். வீட்டுக்குப் பின்னால் சத்தமே இல்லை. சட்டி காய்ந்து கிடந்தது. கல்லுக்கும் விளிம்புக்கும் நடுவே சிலந்தி வலை பின்னியிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். மருந்தடிக்கிற அண்ணன் அந்த வழியாக வந்தார். நான் கேட்காமலே சொன்னார். நாங்கள் போன மறுநாள் காட்டுமாடு மிதித்து ஓஸ் அறுந்துவிட்டதாம். ஊற்றுவரை ஏறிக் குடத்தில் சுமக்க வேண்டியிருந்ததாம். சுமக்க முடியாமல் மதினி கூண்டைத் திறந்து வாத்துகளை ஓடைக்கு விட்டிருக்கிறார். அன்றைக்கு மருந்தடிப்பு. சாயங்காலம் ஓடைக்கரையில் நாலும் கழுத்தை நீட்டிக் கிடந்தனவாம். மதினிதான் குழி தோண்டிப் புதைத்தாராம்.

அப்படியென்றால் அந்த மறுநாளிலிருந்து அவர் பாறையில் ஏறி எனக்குச் சொன்ன சேதி ஒவ்வொன்றும் அவை மண்ணுக்குள் போன பிறகு சொன்னது.

இருட்டுமுன் மதினி வந்தார். என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். நான் ஆஸ்பத்திரியில் கிடந்து துடிக்கக் கூடாதென்றுதான் சொல்லவில்லை என்றார். ஓஸ் அறுந்ததைச் சொன்னார். தன் முழங்கால் வலியையும் சொன்னார். எல்லாம் உண்மையாகவே இருக்கலாம். வாத்துகள் செத்ததற்காக அவரைக் கோபித்துக்கொள்ள எனக்கு மனமில்லை.

"செத்தது சரி மதினி. முட்ட கதகதன்னு இருந்துச்சுன்னு எதுக்குச் சொன்னீக?"

அவர் என் வீட்டுச் சாவியைத் தண்ணீர்த்தொட்டி விளிம்பில் வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த ஆண்டே நாங்கள் போடிக்குக் குடிவந்துவிட்டோம். இப்போது வீட்டில் குழாய், மோட்டார், எல்லாம் இருக்கின்றன. வாத்து வளர்க்கவில்லை. அந்த ஆசையே போய்விட்டது. யாராவது போனில் "எல்லாம் நல்லா இருக்கு" என்றால், பக்கத்தில் இருப்பவரிடம் கொடுக்கச் சொல்லி இன்னொரு முறை கேட்கிற புத்தி வந்துவிட்டது. என் கணவர் அதைச் சொல்லிச் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது.

போன தை மாதம் அம்மா போய்விட்டார். துக்கத்துக்கு மதினி மலையிலிருந்து இறங்கிச் சிலமலைக்கு வந்தார். தலை நரைத்து மெலிந்திருந்தார். என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். பிறகு என் கையைப் பிடித்துத் தனியே கூட்டிப்போய், அம்மா வாத்துக்குஞ்சு கொண்டுவந்த அன்றைக்குத் தன்னிடம் சொன்னதாக ஒன்று சொன்னார்.

"பிள்ள இல்லேன்னு ஒரு நாளு மொகம் வாடி நிக்க மாட்டா எம் மக, அவ தைரியம் எனக்கு வராதுன்னாக. சொல்லும்போது முந்தானைய வாயில பொத்திக்கிட்டாக."

அப்படி ஒரு சொல்லை அம்மாவின் வாயிலிருந்து கேட்கத்தான் நான் வாழ்நாளெல்லாம் காத்துக் கிடந்தேன். அம்மாவுக்கு முந்தானையை வாயில் பொத்திக்கொள்கிற பழக்கமும் உண்டுதான். அது மதினிக்கும் தெரியும். அம்மா உண்மையிலேயே சொன்னாரா என்று இனி யாரிடம் போய்க் கேட்பேன்? மதினியின் கை என் கைக்குள் இருந்தது. சொல்லி முடித்துவிட்டு அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.