மெர்சி ஆற வைத்த காந்தங்கள்

கணவர் ஞானதாஸ் இறந்துபோன பிறகு, விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் கோப்பைகளைக் கிளேஸ் என்னும் பளபளப்புப் பூச்சுக் குழம்பில் முக்கி எடுத்தே உபகாரமேரி தன் ஒரே மகளை வளர்த்தாள். அந்த மகள் மெர்சி இப்போது புதுச்சேரியில் காந்தங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள்.

"அப்படி என்னதாண்டி இருக்குது அதுல?" என்று தாய் ஒருநாள் கேட்டாள்.

"நகம் அளவு சில்லும்மா. அதுல கண்ணுக்கே தெரியாத லட்சக்கணக்கான காந்தம். மூணு மூணா முட்டிக்கிட்டு நிக்கும். எப்படித் திரும்பினாலும் மூணுல ஒண்ணுக்கு மனக்குறைதான்."

"நம்ம சர்ச்சு அன்பியக் கூட்டம் மாதிரின்னு சொல்லு! எப்பக் கூடினாலும் யாருக்காச்சும் மனத்தாங்கல்."

மெர்சி சிரித்துவிட்டாள். ஆனால் அவள் வாழ்க்கையே அந்தச் சில்லில்தான் இருந்தது. சூடாக்கினால் அந்தக் காந்தங்கள் மனம்போனபடி புரண்டுகொண்டே இருக்கும். மெல்ல, மிக மெல்ல ஆற வைத்தால், தண்ணீர் பனிக்கட்டியாவதைப் போல, ஏதோ ஒரு சூட்டில் எல்லாம் சேர்ந்து ஓர் ஒழுங்குக்கு வந்துவிடும். அந்த ஒழுங்கைப் பிடிக்க முயன்று எத்தனை முறை தோற்றாள்! இந்த முறை கிடைத்துவிட்டது. புதுச்சேரி ஆய்வகத்தின் பழைய கருவியில் அதன் ஒரு மூலை மட்டும் தெரிந்தது. முழுப் படம் எடுக்கத் திருச்சியில் உள்ள பெரிய கருவி வேண்டும். அதில் அவளுக்குக் கிடைத்தது ஒரே ஒரு நாள். டிசம்பரோடு முனைவர் பட்டத்துக்கான ஆராய்ச்சிக் காலமும் முடிகிறது.

திருச்சிக்குப் போகும் வழியில் ஓரிரவு வீட்டில் தங்கினாள். அதுதான் வினையாயிற்று.

உபகாரமேரிக்கு ஒரு வழக்கம் உண்டு. கோப்பை அடுக்கிய இரும்பு வண்டி சூளைக்குள் போகுமுன், அதன் சட்டத்தில் வேளாங்கண்ணி மாதா படம் ஒன்றை ஒட்டி ஜெபம் சொல்வாள். கதவு மூடும்போது எடுத்துக்கொள்வாள். காரில் ஒட்டுவார்களே, பின்பக்கம் காந்தம் வைத்த படம், அதுதான். மாதா தொட்ட லோடு விரிசல் விட்டதே இல்லை என்பது அவள் நம்பிக்கை. அன்றிரவு மகள் தூங்கியதும், சில்லு இருந்த பிளாஸ்டிக் டப்பாவிலும் அதை ஒட்டப் பார்த்தாள்; இரும்பு இல்லாததால் படம் ஒட்டவில்லை. ரப்பர் பேண்டு போட்டு இறுக்கிக் கட்டி, துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துவிட்டாள்.

வேப்பூரில் பஸ் மாறியபோதுகூட மெர்சி அந்தப் பையை நெஞ்சைவிட்டு இறக்கவில்லை. திருச்சி ஆய்வகத்தில் துணியைப் பிரித்தபோது மாதா புன்னகைத்தாள்.

ஒரு வேளை ஒன்றும் ஆகாமல் இருந்தால்? மெர்சி சில்லைக் கருவியில் வைத்துப் பார்த்தாள். படத்தின் காந்தம் இழுத்த பக்கமே எல்லாக் காந்தங்களும் திரும்பி, அணிவகுப்புபோல் நின்றன. அவள் ஆற வைத்த ஒழுங்கின் சுவடே இல்லை.

வழிகாட்டிப் பேராசிரியர் மாணிக்கவேலுக்குப் போன் செய்தாள்.

"திரும்ப சூடு பண்ணி ஆற வைக்கலாம்மா. ஆனா டிசம்பருக்குள்ள மெஷின் கிடைக்காதே," என்றார் அவர். "வூட்ல யாராச்சும் தொட்டாங்களா? விபத்துன்னா அவங்களையே எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லு. அதை வச்சு டைம் கேட்டுப் பாக்கறேன்."

'என் மகளின் ஆராய்ச்சியை நான்தான் கெடுத்தேன்.' கிளேஸ் காய்ந்து வெடித்த அந்த விரல்களா இதை எழுதும்? எழுதிய பிறகு அந்த உயிர் ஒரு வாய் சோறு தின்னுமா?

"யாரும் தொடல சார். என் கவனக்குறைவுதான்."

"அப்ப நான் என்னன்னு சொல்லி டைம் கேக்கறது, மெர்சி?" போன் துண்டிக்கப்பட்டது.

மாடிப்படியில் உட்கார்ந்து, வாயில் துப்பட்டாவை அடைத்துக்கொண்டு அழுதாள். மறுபடி போன் அடித்தது. அம்மா.

"படம் நல்லா வந்துச்சா கண்ணு?"

"வந்துச்சும்மா."

"என்னடி குரலு ஒரு மாதிரி இருக்குது?"

"ஏசி ரூமும்மா. சளி பிடிச்சிருச்சு."

"அப்ப டிசம்பர்ல பட்டம்தான! ஜோஸ்பின் சித்திகிட்ட சொல்லிடட்டுமா?"

மெர்சி கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

"சொல்லும்மா."