விழாமல் முளைத்த பல்

மைசூர் ஸ்டேஷன் பார்சல் ஆபீசில் குமாஸ்தா சாம்புவை லேசில் குழப்பிவிட முடியாது. அரசிகெரேக்குப் போகவேண்டிய மூட்டை நஞ்சன்கூட்டில் இறங்கிவிட்டாலும் மனிதர் பதறாமல் நாலு சீட்டைப் புரட்டி, அது எங்கே தப்பியது என்று சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்டவரை 1936-ஆம் வருஷம் ஒரு பல் பத்து நாள் ஆட்டிவைத்தது. அதுவும் அவருடைய பல்கூட இல்லை.

மகள் திரிபுரசுந்தரிக்கு ஏழரை வயது. கீழ்வரிசையில், வலப்பக்கம், அடுத்தடுத்து இரண்டு பல்லில் சொத்தை. மோர்சாதத்தைக்கூட ஒரு பக்கமாகவே ஒதுக்கித் தின்றாள். ஒரு நாள் பள்ளிக்கூடத்திலிருந்து கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுதபடி பாதியில் திரும்பி வந்துவிட்டாள்.

சயாஜிராவ் ரோடில் மாடியறை எடுத்திருந்த பல் டாக்டர் காளிதாஸிடம் அழைத்துப் போனார். டாக்டர் சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தார்.

"முன்னால இருக்கறது பால் பல். நாளானா தானா விழுந்துடும், வலிக்கு மருந்து வெச்சா போதும். பின்னால இருக்கறதுதான் முக்கியம். அது ஆயுசுக்கும் வேண்டிய பல், போனா போனதுதான். சுரண்டி அடைச்சுடறேன். பன்னிரண்டு ரூபாய் ஆகும்."

சாம்புவின் சம்பளம் முப்பத்திரண்டு. யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு இறங்கினார். யோசிப்பதென்றால் அவருக்கு ஊரெல்லாம் கேட்பது.

"ஏழு வயசுல ஆயுசுப் பல்லா? நல்லாத் தலையில மொளகா அரைக்கறான் ஸ்வாமி" என்றார் ஆபீஸில் பக்கத்து மேஜை பசவராஜ். சரியாகத்தான் பட்டது. "சொத்தையை விட்டுவெச்சா அடியில இருக்கற புதுப்பல்லும் கெட்டுப்போகும், பிடுங்கிடுங்க" என்றாள் எதிர்வீட்டு கௌரம்மா. அதுவும் சரியாகத்தான் பட்டது. "எனக்கு இந்தத் தசராவுக்குப் புடவை வேண்டாம். டாக்டர் சொன்னபடி அடைச்சுண்டு வாங்கோ" என்றாள் மனைவி அன்னபூர்ணி. அவள் சொன்னபோது அதுவும் சரி என்றே தலையாட்டினார். யார் எதிரில் நிற்கிறார்களோ அவர் கட்சி. பாவம், தலை கிறுகிறுத்துப் போனது.

கடைசியில் குமாஸ்தா புத்திதான் ஜெயித்தது. பட்டப்பகலில் குழந்தையை முற்றத்து வெயிலில் உட்கார்த்தி, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். முன்பற்கள் நாலும் ஏற்கெனவே விழுந்திருந்தன. அந்த இடத்தில் புதியவை முளைத்திருந்தன. அவை ஆயுசுப் பற்கள், சரி. கடைவாயில் இதுவரை ஒரு பல்கூட விழவில்லை. பழையது காலி பண்ணாமல் புதியது எப்படிக் குடிவரும்? ஆகவே அங்கே இருப்பதெல்லாம் பால் பல். தீர்ந்தது விஷயம். தன் சாமர்த்தியத்தை நினைத்து அவருக்கே சந்தோஷமாக இருந்தது.

மறுநாள், ஜரிகைத் தலைப்பாகையை ஆணியில் மாட்டிவிட்டு, வெறுந்தலையோடு தர்மாஸ்பத்திரிக்குக் குழந்தையை அழைத்துப் போனார். ஜரிகையைப் பார்த்துக் காசு கேட்டுவிடக் கூடாதே என்ற முன்யோசனை.

"இங்க அடைக்கற வசதி கிடையாது. பிடுங்கறதுதான். பெரிய சொத்தை பின்னால இருக்கறதுல. பிடுங்கட்டுமா?" என்று கேட்டார் அங்கிருந்த டாக்டர். பின்னால் நீண்ட வரிசை நின்றது.

"பிடுங்கிடுங்கோ" என்றார் சாம்பு.

குழந்தை வீறிட்டாள். அவள் தோளை அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தவர் சாம்புதான். அரை நிமிஷத்தில் முடிந்தது. சாம்பு நெற்றியைத் துடைத்துக்கொண்டு, ஒரு பேச்சுக்குக் கேட்டார்: "புதுசு எப்போ மொளைக்கும் சார்?"

கை கழுவிக்கொண்டிருந்த டாக்டர் திரும்பினார். "எது மொளைக்கும்? இது ஆறு வயசுல புதுசா வர பல். எதுவும் விழாம, பால் பல்லுக்கெல்லாம் பின்னால தனியா வரும். இதுக்கப்பறம் வேற கிடையாது. தெரிஞ்சுதானே பிடுங்கச் சொன்னீங்க?"

சாம்பு பல்லைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு வெளியே வந்தார். குதிரைவண்டிக்காரன் எங்கே போகவேண்டும் என்று இரண்டு தரம் கேட்ட பிறகுதான் தெருப் பெயர் வாயில் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் குழந்தை பஞ்சைத் துப்பிவிட்டுக் கொல்லைப்பக்கம் ஓடினாள். விழுந்த பல்லைச் சாணியில் பொதிந்து கூரைமேல் எறிந்தால் புதுப்பல் முளைக்கும் என்பது அவள் அறிந்த சாஸ்திரம். கையில் சாணி உருண்டையோடு வந்து நின்றாள்.

"பல்லைக் குடுப்பா."

பொய் சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தார். வாய் வரவில்லை. "இது மொளைக்காதுடி குழந்தே. அப்பா தப்புப் பண்ணிட்டேன்" என்றார். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

அவள் கோபப்படவில்லை. வீங்கிய கன்னத்தோடு அவரை அண்ணாந்து பார்த்தாள்.

"அந்த மாடி டாக்டர் அன்னிக்கே சொன்னாரேப்பா, போனா போனதுதான்னு. நீ என் பக்கத்துலதானே நின்னுண்டிருந்தே. உனக்குக் கேக்கலையா?"