மாமா பிடித்த கம்பம்

என்னைச் சேர்ப்பதற்கு முன் மாமா அந்தப் பள்ளிக்கூடத்தை ஒருமுறை சுற்றிவந்தார். உள்ளே போகவில்லை, வெளியே, மதிலையொட்டி. சிதம்பரத்தில் இருந்த தனியார் பெண்கள் பள்ளி அது. உயரமான மதில், ஒரே வாசல், வாசலில் வயதான காவலாளி. வீட்டுக்கு வந்து உம்மாவிடம், "பொம்பளப் புள்ளைங்க மட்டும்தான். உள்ள இருந்து ஒரு சத்தம் வரல. சேத்துடலாம்" என்றார். அன்று ஞாயிற்றுக்கிழமை என்பதை உம்மா எடுத்துச் சொல்லவில்லை.

வாப்பா சிங்கப்பூரில் இருந்தார். பரங்கிப்பேட்டையில் எங்கள் வீட்டு முடிவுகளை உம்மாவின் அண்ணனான மாமாதான் எடுப்பார். தன் மகளை எட்டாம் வகுப்போடு நிறுத்தியவரும் அவரே. அவளை நான் லாத்தா என்பேன். அக்காவை எங்கள் பக்கம் அப்படித்தான் அழைப்போம். லாத்தா அப்போது வீட்டில் தையல் பழகிக்கொண்டிருந்தாள்.

அதுவரை நான் படித்தது பையன்களும் பெண்களும் சேர்ந்து படிக்கும் பள்ளி. அங்கே வேலைகள் பிரிந்திருந்தன. பெஞ்ச் தூக்குவது, மணி அடிப்பது, மைக் கட்டுவதெல்லாம் பையன்களுக்கு. பெருக்குவதும் விருந்தினருக்குத் தட்டு ஏந்துவதும் எங்களுக்கு. எனவே ஆறாம் வகுப்பில் சேர்ந்த புதிதில், "அந்த பெஞ்ச இந்தப் பக்கம் போடும்மா" என்று ஆசிரியை சொன்னதும் நான் நேராக வாசலுக்குப் போய்க் காவலாளியிடம் ஒரு பையனைக் கேட்டேன்.

"எந்தப் பையன்மா? இங்க ஆம்பளன்னா நான் ஒருத்தன்தான். எனக்கு முட்டி வலி" என்றார் அவர்.

திரும்பி வந்தபோது பெஞ்ச் இடம் மாறியிருந்தது. என் உயரமே இருந்த இரண்டு பேர் அதைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தங்கள் கணக்கைத் தொடர்ந்துகொண்டிருந்தார்கள்.

அன்றிலிருந்து நான் வாயைப் பிளந்துகொண்டுதான் அந்தப் பள்ளியில் நடமாடினேன். ஃபியூஸ் போனால் இயற்பியல் ஆய்வகத்து அக்கா ஒருத்தி மேசை மேல் ஏறிக் கம்பி மாற்றினாள். விளையாட்டு நேரத்தில் விசில் ஊதியதும், தகராறைத் தீர்த்ததும், தோற்ற அணியைத் திட்டியதும் பெண்களே. இவற்றையெல்லாம்விட என்னை வியக்கவைத்தது வகுப்பில் நடந்த ஒன்று. கேள்வி கேட்க எழுந்த பெண் ஒருமுறைகூடப் பின் பெஞ்சுகளைத் திரும்பிப் பார்க்கவில்லை. சிரிப்பதற்கு அங்கே யாருமில்லை. மாணவர் தலைவி பன்னிரண்டாம் வகுப்பு அக்கா. குமராட்சிப் பக்கமிருந்து மினி பஸ்ஸில் வருபவள், மெலிந்த உடம்பு, மணி போன்ற குரல். அவளைப் போன்றவர்கள் பிறக்கும்போதே வேறு மாதிரிப் பிறந்திருப்பார்கள் என்று நம்பினேன்.

அந்த ஆண்டு முடிவதற்குள் சிக்கல் வந்தது. எங்கள் பள்ளியின் கோ-கோ அணி போட்டிக்காகக் கடலூருக்கு பஸ் ஏறிப் போனதை யாரோ மாமாவிடம் சொல்லிவிட்டார்கள்.

"கடலூருக்கா? வெளையாடவா? இதுக்கா அவ்ளோ பெரிய செவுரு வெச்ச ஸ்கூலா பாத்து சேத்தேன்?"

"பொம்பளப் புள்ளைங்களோடதானேண்ணே போறாங்க" என்றாள் உம்மா.

"ஆண்டு விழாவுக்கு வர்றேன். பாத்துட்டு, இவ போவணுமா வேணாமான்னு சொல்றேன்."

லாத்தா தைக்கும் அறையில் ஜன்னலுக்கு எதிரே இன்னொரு தையல் மிஷினுக்கு இடம் இருந்தது. அந்த வாரம் முழுவதும் அந்தப் பக்கம் பார்க்காமல் நடந்தேன்.

விழா ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுதுவிட்டு, வெள்ளைக் கைலியும் அத்தர் மணமுமாக மாமா உம்மாவுடன் வந்தார். மைதானத்தில் ஷாமியானா போட்டிருந்தது. போட்டவர் பண்ருட்டியில் ஒரு கல்யாணத்துக்குப் பந்தல் போடப் போய்விட்டார். விழா தொடங்கும் நேரத்தில் கடல்காற்று எழும்பியது. துணி புடைத்தது, ஒரு பக்கத்து முளைகள் பிடுங்கிக்கொண்டன, கம்பம் ஒன்று தாய்மார்களின் நாற்காலிகள் மேல் சாய ஆரம்பித்தது.

முதலில் எழுந்தவர் மாமாதான். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, "ஏய், பசங்கள கூப்பிடுங்கப்பா! யாராச்சும் ஓடுங்க!" என்று கத்தினார்.

விசில் சத்தம் கேட்டது. நாலு மூலைக்கும் பெண்கள் ஓடினார்கள். குமராட்சி அக்கா நடுவில் நின்றாள்.

"இழுக்காதீங்கடி! மொதல்ல பக்கத்துத் துணிய அவுத்து உடுங்க, காத்து போவட்டும். ம், இப்ப இழுங்க!" பிறகு திரும்பினாள். "மாமா, கயித்த மிதிக்கிறீங்க. தள்ளுங்க."

மாமா தள்ளினார்.

"சும்மா நிக்காதீங்க மாமா, இந்தக் கம்பத்தப் புடிங்க. நான் சொல்றவரைக்கும் உடாதீங்க."

மாமா பிடித்தார். அவரிடம் யாரும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. பாட்டு வரிசையில் ரிப்பனோடு நின்ற நான் கண்ணை மூடிக்கொண்டேன். என் படிப்பு முடிந்தது என்று நினைத்தேன்.

முளைகள் மறுபடி அறையப்பட்டன. இறைவணக்கம் பாடினோம். வரவேற்புரை முடிந்து நடனமும் முடிந்தது. கம்பம் அசையாமல் நின்றது. மாமாவும் அதைப் பிடித்தபடி அசையாமல் நின்றார். அங்கிருந்து மேடையின் பின்புறம் முழுவதும் தெரியும். மைக் பெட்டியைத் திருகியவள், பெஞ்ச் சுமந்தவர்கள், பேசப் பயந்து அழுத சின்னப் பெண்ணுக்கு முகம் துடைத்து மேடைக்கு அனுப்பியவள், எல்லோரையும் அவர் பார்த்துக்கொண்டிருந்தார். உம்மா உட்காரச் சொல்லிச் சைகை காட்டினாள். "இன்னும் சொல்லலியே" என்று உதட்டை அசைத்தார்.

பரிசளிப்பு முடிந்துதான் அக்கா அவரைப் பார்த்தாள். "ஐயோ மாமா! இன்னுமா புடிச்சிட்டிருக்கீங்க? அப்பவே கட்டியாச்சே!"

"நீ சொல்லலியேம்மா."

"மறந்தே போயிட்டேன் மாமா. உடுங்க, டீ குடிங்க."

"இந்த வேலையெல்லாம் ஒனக்கு யாரும்மா கத்துக் குடுத்தது?"

அக்காவுக்குக் கேள்வியே புரியவில்லை. "இங்க வேற யாரு மாமா செய்வா?" என்று சொல்லிவிட்டு நாற்காலிகளை அடுக்க ஓடினாள்.

பரங்கிப்பேட்டை வரும்வரை பஸ்ஸில் மாமா உள்ளங்கையைப் பார்ப்பதும் தேய்ப்பதுமாக வந்தார். அவர் கோபமாக இருக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றியது. பையன்கள் உள்ளே வராமலிருக்க அவர் தேடிப் பிடித்த மதில், உள்ளே இருந்த எல்லா வேலைகளையும் பெண்களிடமே விட்டிருந்தது என்பதை அவரோடு சேர்ந்து யோசிக்கும் வயது எனக்கில்லை.

ஜூன் மாதம் பள்ளி திறந்த அன்று நான் பஸ் நிறுத்தத்துக்குப் போனேன். என்னைப் போக வேண்டாமென்று யாரும் சொல்லவில்லை. அங்கே மாமா ஒரு புதுப் பையைத் தூக்கிக்கொண்டு நின்றார். பக்கத்தில் ஒன்பதாம் வகுப்புச் சீருடையில் லாத்தா. பஸ் வந்ததும் அவளை ஜன்னலோரம் உட்காரவைத்தார்.

"அது என் எடம் மாமா!"

"அவ ஒக்காரட்டும், உடு."

சிதம்பரம் வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தேன். லாத்தா வெளியே பார்க்கவேயில்லை. மடியில் சீருடையின் மடிப்பைத் தடவி நீவிவிட்டபடியே வந்தாள். பார்க்காதவளுக்கு எதற்கு ஜன்னலோர இடம் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.