பாத்திமாவின் பூனை

மேலகரத்தில் எங்கள் பக்கத்து வீட்டு பாத்திமா, சார்ஜாவில் இருக்கும் கணவரிடம் போனபோது தன் பூனை மின்னுவை என்னிடம் விட்டுச் சென்றாள். சில மாதங்கள் என்றது சில வருடங்களாகிவிட்டது.

சாரல் காலத்தில் திரும்பி வந்து பூனையைக் கேட்டாள்.

"இனி தர முடியாது" என்றேன்.

"எம்பிள்ளைய வச்சுக்கிட்டு இப்படிச் சொல்லுதியளேக்கா!" என்று அழுதாள்.

எங்கள் சத்தத்தில் மிரண்டு மின்னு வெளியே ஓடிவிட்டது.

குற்றால மலையிலிருந்து புகைபோல் இறங்கிய சாரலில், கனவில் நடப்பதுபோல் இருவரும் தேடினோம். பாத்திமா கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்தாள். நான் ஒருமுறை கூப்பிட்டதும் மதில்மேலிருந்து மின்னு என்னிடம் குதித்து வந்தது.

"என்னைய மறந்துட்டுதேக்கா" என்றாள்.

ஜெயித்த எனக்குத்தான் நெஞ்சு வலித்தது. பூனையைத் துவட்டி அவள் மடியில் வைத்தேன். தினமும் வந்து பழக்கிய பிறகு வீட்டுக்குத் தூக்கிப் போனாள்.

இப்போது யார் தங்கள் பூனையை என்னிடம் விட்டுச் சென்றாலும், சாயங்காலம் போனை அதன் காதருகே வைத்து அவர்கள் குரலைக் கேட்க வைக்கிறேன்.