'நான்' என்று எழுதிய கதை

கதையில் 'நான்' என்று எழுதினால் அது எழுதியவளேதான் என்று நினைக்கிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் குமட்டிக்கொண்டு வரும். பட்ட பாடு அப்படி.

எழுபதுகளின் தொடக்கம். மயிலாப்பூரில் ஒரே கூரையின் கீழ் நாலு போர்ஷன். நாலு வீட்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு வாரப் பத்திரிகை வாங்குவோம். வாசல் போர்ஷனில் தொடங்கி, வீடு வீடாகக் கைமாறி, கடைசியில் கொல்லைப்பக்கம் இருந்த எங்களிடம் வரும். அதற்குள் அட்டை கிழிந்து காபிக் கறை படிந்திருக்கும். தியாகராய நகரில் ஓர் ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்த நான் எழுதிய முதல் கதை அதில்தான் வந்தது. ஆபீசுக்குப் போகும் ஒரு பெண், பஸ்ஸில் பழகிய ஒருவனோடு அடையார் கடற்கரைக்குப் போகிறாள். அங்கே அவன் கையைப் பிடித்துக்கொள்கிறாள். அவ்வளவுதான் கதை. அவளே சொல்வதுபோல 'நான்' என்று எழுதியிருந்தேன். அப்படிச் சொன்னால்தான் அவள் நெஞ்சு படபடப்பது வாசிக்கிறவர்களுக்கும் கேட்கும் என்று தோன்றியது. மற்றபடி, நான் அதுவரை அடையார் பக்கம் போனதே அத்தை பெண்ணின் சீமந்தத்துக்குத்தான்.

பத்திரிகை எங்களிடம் வந்தபோது, 'நான்' வந்த இடத்திலெல்லாம் யாரோ பென்சிலால் கோடு போட்டிருந்தார்கள். கையைப் பிடித்த வரிக்கு மட்டும் இரட்டைக் கோடு. சீ, என்ன புத்தி!

குழாயடியில் பக்கத்துப் போர்ஷன் மாமி மெதுவாக ஆரம்பித்தாள்.

"ஏண்டி, அந்தப் பையன் நம்மவாதானே?"

"எந்தப் பையன் மாமி?"

"பீச்சுக்கு அழைச்சிண்டு போனானே!"

"ஐயோ, அது கதை மாமி. அப்படி ஒருத்தன் கிடையவே கிடையாது."

"ஆமாமா, கதைதான், கதைதான்" என்று சிரித்தாள் பாருங்கள், அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. அந்த வாரம் என்னைப் பெண் பார்க்க வரவிருந்த நங்கநல்லூர்க்காரர்கள், ஜாதகம் சேரவில்லை என்று சொல்லியனுப்பிவிட்டார்கள்.

அப்பா பத்திரிகையைச் சுருட்டி என் முகத்துக்கு நேரே ஆட்டினார். "இனிமே இந்த மாதிரி 'நான்' 'நான்'னு எழுதினே, பேனாவை ஒடிச்சு அடுப்புல போட்டுடுவேன். எழுதித்தான் ஆகணும்னா ஆம்பிளை சொல்ற மாதிரி எழுது. அப்போ எவனும் உன்னைப் பேச மாட்டான்." அம்மா உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

எழுதாமல் இருக்க என்னால் முடியாது. ஆபீசும் வீடும் பிடுங்கிக்கொண்டது போக எனக்கென்று மிச்சமிருந்தது அது ஒன்றுதான். சரி, ஆம்பிளையே சொல்லட்டும் என்று உட்கார்ந்தேன்.

ஒரு மத்தியானம். கணவன் சாப்பிட உட்காருகிறான். ரசத்தில் உப்பு இல்லை. தட்டைத் தூக்கிச் சுவரில் அடிக்கிறான். நான் என்ன தப்பாகக் கேட்டுவிட்டேன், ஒரு கல் உப்பு, உழைத்துக் கொட்டுகிறவனுக்கு அதுகூடவா கிடையாது என்று கதை முழுக்க அவனே தன் நியாயத்தைச் சொல்லிக்கொண்டு போகிறான். மனைவி சோற்றைப் பொறுக்குகிறாள். அவள் முகம் கதையில் எங்குமே வராது. அவன் பார்த்தால்தானே வரும்? எழுதி முடித்தபோது எனக்கே வாயைக் கொப்பளிக்க வேண்டும்போல இருந்தது.

அதுவும் அச்சில் வந்தது. இந்தத் தடவை பென்சில் கோடு ஒன்றுகூட இல்லை. "நன்னா எழுதியிருக்கேடி" என்றாள் அதே மாமி. நீ எப்போது தட்டை எறிந்தாய் என்று அவள் கேட்கவில்லை.

அப்பா வெற்றிலையை மென்றுகொண்டே இரண்டு தடவை படித்தார். "பேஷ்! இது கதை. அவன் கேட்டதுல என்ன தப்பு? கற்பனைன்னா இப்படின்னா இருக்கணும்" என்று தொடையில் தட்டினார். அருவருப்பில் நான் அவர் முகத்தைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவர் வெளியே போன பிறகு, அம்மா பத்திரிகையை எடுத்துச் சமையலறையில் நின்றபடியே கடைசி வரி வரை படித்தாள். மூடி என் கையில் கொடுத்தாள்.

"அன்னிக்கு ரசம் இல்லேடி, மோர்க்குழம்பு" என்றாள்.