பென்ஷன் தாசில்தாரின் மதில்

போன மாதம் காமிராப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீரராகவபுரம் போனேன். உங்களுக்குத்தான் தெரியுமே — ஊர் ஓரத்துத் தெருக்கள் மாறுவதைப் படம் பிடிப்பது என் கிறுக்கு.

ரயில் வந்த பிறகு அங்கே வயலெல்லாம் வீடு. அத்தனைக்கும் சீமை ஓடு, அத்தனைக்கும் மதில். காற்று வேண்டும் என்று டவுனை விட்டு வருகிறார்கள். வந்ததும் ஜன்னலைச் சாத்திக்கொள்கிறார்கள். அதற்கு டவுன் ரத வீதியிலேயே புழுங்கிக் கிடந்திருக்கலாமே?

அங்கே ஒரு பென்ஷன் தாசில்தார் புது மாடி வீடு கட்டியிருக்கிறார். ஆற்றுக்குப் போகும் பொதுப் பாதையையும் சேர்த்து வளைத்து மதில் எழுப்பிவிட்டார். தெருப் பெண்கள் தண்ணீருக்கு ஊரைச் சுற்றினார்கள். முனிசிபாலிட்டிக்கு மனு போயிருந்தது.

"அங்கன ஏது வே பாதை? வெறும் முள்ளுக்காடு" என்றார் என்னிடம், கூசாமல்.

மெட்ராஸ் சம்பந்திக்கு அனுப்ப அவருக்கு ஒரு படம் வேண்டுமாம். "மாடியில நின்னு புடியும். ஆறு நம்ம கொல்லையில ஓடுத மாதிரி விழணும்."

மாடி ஏறினோம். மதிலுக்கு அந்தப் பக்கம், ஆற்றிலிருந்து வந்த பெண்கள் நிறைகுடத்தோடு நின்று நியாயம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தாசில்தாருக்கு யோசனை பிறந்தது.

"ஏட்டி, அப்படியே அசையாம நில்லுங்க" என்று கத்திவிட்டு, என் காதில் சொன்னார்: "நம்ம வீட்டு வேலைக்காரிகன்னு சம்பந்தி நெனைச்சுக்கிடட்டும்."

காமிராவை அவர்கள் பக்கம் திருப்பினேன். கீழேயிருந்து இசக்கியம்மாள் என்பவள் கேட்டாள்: "அண்ணாச்சி, எங்க தடத்த அடைச்சவரு எங்களயே நிக்கச் சொல்லுதாரு. நிக்கட்டுமா?"

"நில்லு தாயி. அசையாமல் நில்லு" என்றேன்.

படத்தின் ஒரு பிரதி கண்ணாடி போட்டு ஹாலில் ஏறியது. மனுவை விசாரிக்க வந்த கவுன்சிலருக்கு, காப்பி வருவதற்கு முன்பே அதைக் காட்டினார் மனிதர். பெருமை பொறுக்குமா?

கவுன்சிலர் படத்தின்மேல் விரலை வைத்தார். ஆற்றிலிருந்து மதில் வரை வெள்ளையாகத் தேய்ந்த தடம். அதன்மேல் வரிசையாகப் பெண்கள்.

"இது என்ன வே?"

"அது... ஆடு போற தடம்."

"ஆடு எப்ப வே குடம் தூக்குச்சு?"

முனிசிபாலிட்டி மதிலை இடித்துத் தள்ளியது. இசக்கியம்மாள் இப்போது நேர்வழியில் தண்ணீர் எடுக்கிறாள். தாசில்தார் வெட்கப்பட்டு வெளியே தலைகாட்ட மாட்டார் என்றுதானே நினைப்பீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

நேற்று ஆள் அனுப்பியிருந்தார். இடித்த இடத்தில் கல் நாட்டியிருக்கிறாராம் — 'இந்தப் பாதை தாசில்தார் உபயம்' என்று. கல்லோடு அவரைச் சேர்த்துப் படம் பிடிக்க வேண்டுமாம்.

காமிராவுக்குப் பிளேட் தீர்ந்துவிட்டது என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.